பெட்டி படுக்கையோடு பாட்டு கிளாஸ்!

எங்கள் காஞ்சிபுரத்தில் 'கோர்வை' என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தர் தறிக்காரர். இன்னொருத்தர் மிருதங்கக்காரர்.

தறிக்காரரின் கோர்வை, புடவையின் உடம்பையும் கரையையும் கோக்கிற வேலை. உடம்பு அரக்கு, கரை மாம்பழ நிறம் என்று கல்யாண வீட்டில் பளபளக்கிறதே, அது ஒரே நாடா போய் வந்து நெய்தது இல்லை சார். மூன்று நாடா. உடம்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. தனி ஆளால் ஆகாது. தறிக்குழியில் காலை விட்டு நெய்கிறவர் ஒருத்தர்; பக்கத்தில் குந்திக்கொண்டு கரை நாடாவைத் தள்ள இன்னொருத்தர். இவர் ஒரு இழை முந்தினாலும் போச்சு, அவர் ஒரு இழை பிந்தினாலும் போச்சு. சேர்கிற இடம் இளித்துவிடும்.

மிருதங்கக்காரரின் கோர்வை கணக்கு சமாசாரம். ஒரு சொற்கட்டை மூன்று தரம் சொல்லி, பாட்டு எடுக்கிற இடத்தில் 'டாண்' என்று வந்து விழ வேண்டும். தவறினால் அங்கேயும் இளிப்புதான். என்ன, புடவை இளித்தால் முதலாளி கூலியில் பிடிப்பார். கச்சேரியில் இளித்தால் முன்வரிசை மாமாக்கள் தலையை ஆட்டிவிட்டு காபிக்குப் போய்விடுவார்கள்.

இந்த இரண்டு கோர்வைக்கும் நடுவில் எங்கள் குடும்பம் போன வருஷம் மாட்டிக்கொண்டு முழித்தது.

அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். காலையில் செங்கல்பட்டு வழியாக ரயில், ராத்திரி அதே வழியாகத் திரும்ப ரயில். அதில் போனது போக மிச்சமிருப்பதைத்தான் வாழ்க்கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு ஒரே பையன். பி.காம். முடித்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆர்டரும் வந்துவிட்டது. கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, இரண்டு செட் யூனிஃபார்ம். அண்ணி ஆர்டரைக் காமாட்சியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்த நேரம் பார்த்து, பையன் வாயைத் திறந்தான்.

"வேலைக்கு அப்புறம் பாத்துக்கலாம்பா. ஒரு வருஷம் மயிலாப்பூர்ல சார் வீட்லயே தங்கி பாட்டு கத்துக்கப் போறேன்."

அண்ணன் தறியை நிறுத்தவில்லை. நாலு இழை ஓட்டிவிட்டு, "வீட்டோட மாப்பிள்ளையாவா?" என்றார்.

"குருகுலம்பா."

இப்போது தறி நின்றது.

"நான் பத்து வயசுல தறிப்பக்கம் குந்துனவன்டா. மொதலாளி வூட்லயே சோறு, அங்கயே தூக்கம். ராத்திரி பத்து மணி வரைக்கும் கரை நாடா தள்ளுவேன். உங்க தாத்தா வாங்குன முன்பணம் கழியறதுக்கு ஏழு வருஷம். அதுக்கு எவனும் குருகுலம்னு பேர் வெக்கல."

வீட்டில் யாரும் பேசவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அண்ணி அதையும் நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கு இது தெரியும். முன்பணத்துக்காகத் தறிக்குப் போன பொடியன்கள் எத்தனையோ பேர். அண்ணன் போனதால் நான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் அவர் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. ராத்திரி திண்ணைக்குக் கூப்பிட்டார். "டேய், நீ ரெண்டு எழுத்து படிச்சவன். நீ எடுத்துச் சொன்னா கேப்பான்." ஆக, நான் தூதுவன்!

பையனுக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின கோடையில் பத்து நாள் சங்கீத முகாம் ஒன்றுக்குப் போனான். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு. துணைக்கு நானும் போய் இரண்டு நாள் தங்கினேன். விடிகாலை அஞ்சு மணிக்குத் தம்பூரா. அரை மணி நேரம் வெறும் 'அ'காரம். (தூங்க வந்தவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது!) எட்டு மணிக்குப் பொங்கல். அதற்கப்புறம் வர்ணம், கிருதி, ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பாட வைத்துத் திருத்துவது. சாயங்காலம், பக்கத்துக் கூடத்தில் மிருதங்கமும் வயலினும் படிக்கிற பசங்களைக் கூட்டிவந்து பாடுகிறவர்களோடு சேர்த்து உட்கார வைத்தார்கள்.

அங்கேதான் விஷயம். பாடுகிற பிள்ளைகள் பாடும்போது எல்லாரும் அவர்களைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் மட்டும் பாடாத பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் முறை இல்லேன்னா உன் காது எங்க போச்சு? தாளம் போடு" என்று ஒரு அதட்டல். மிருதங்கப் பையனிடம், "அவ மூச்சு விடப் போறாள்னு உனக்கு முன்னாடியே தெரியணும். அப்ப நீ அடிச்சா அவ எங்க போய் மூச்சு விடுவா?"

ஒரு பெண் பதம் ஒன்று பாடினாள். சௌக்க காலம். ஒரு வரி முடிவதற்குள் நாம் ஒரு தோசை சாப்பிட்டு முடிக்கலாம். குரல் தேன். ஆசிரியர் நிறுத்தினார். "இது யார் யாரைப் பாத்துச் சொல்றது?" பெண் முழித்தாள். பாட்டு தெலுங்கு, பெண் தமிழ். பாவம், பாவம் மட்டும் இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் கிடைக்காமல் நின்றது! ஆசிரியர் அரை மணி நேரம் பாட்டே சொல்லித்தரவில்லை. வராமல் போனவனைப் பற்றித் தோழியிடம் ஒருத்தி சொல்கிற வார்த்தை இது. கோபமா, கோபம் மாதிரி ஆசையா என்று அவளுக்கே தெரியாது என்று கதையாகச் சொன்னார். மறுபடி பாடினாள். சங்கதி ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் சமையற்காரர் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றுவிட்டார்.

ராத்திரி வரிசையாகப் பாய். விளக்கை அணைத்த பிறகும் பசங்கள் இருட்டில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர கிளாஸில் இது நடக்குமா? அந்த ஒரு மணியில் கால் மணி சுருதி சேர்க்க, கால் மணி போன வாரப் பாட்டு மறந்ததற்குத் திட்டு வாங்க!

ஆகவே தூதுவனுக்கே மனசு அரைகுறைதான். இருந்தாலும் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. ரயிலில் தினமும் நாலு மணி நேரம் சும்மாதானே போகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். கையில் விளக்கை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெருப்பு தேடியிருக்கிறேன் என்று புரிந்தது. எங்கள் ஊரிலேயே ஒரு மகா குரு இருந்திருக்கிறார்.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. பெற்ற பெயர் சுப்பிரமணிய பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தார்; 45 வயசுகூட நிறையவில்லை. அம்மா காமாட்சி, அம்மாவின் சகோதரி தனகோடி எல்லாரும் பெரிய பாடகிகள். இவருக்கோ சின்ன வயசில் சாரீரத்தைவிட சரீரத்தில்தான் மோகம், மல்யுத்தம் பழகினார் என்று சொல்வார்கள். பிறகு பாட்டுப் பக்கம் திரும்பினார். அதிலும் குஸ்தியை விடவில்லை, தாளத்தோடு போட்டார்! ஐகோர்ட்டில் மட்டும்தான் 'ஃபுல் பெஞ்ச்' உண்டு என்று நினைத்திருந்தேன். இவர் கச்சேரிக்கும் அதே பெயர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆள். கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மாதிரி லய சிங்கங்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் ஸ்வரம் பாடிக் கோர்வை வைத்து இறக்குவதென்றால் சும்மாவா? ஒரு கரை நாடா இல்லை, அரை டஜன் கரை நாடா!

அவரிடம் படிக்க வந்தவர்களைப் பாருங்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898-1975). குருவோடு வாழ்ந்து, குருவோடு மேடையில் சேர்ந்து பாடி, 1954-ல் சங்கீத கலாநிதி. அவரிடம் பல வருஷம் கிடந்து படித்தவர்தான் நம்ம மதுரை சோமு. சோமு ஒரு பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உருகுவார் இல்லையா, அதற்குக் கீழே இருக்கிற அந்த அசையாத தாளக்கட்டு எங்கள் ஊர்ச் சரக்கு என்று தெரிந்ததும் எனக்கு ரயிலிலேயே மீசை துடித்தது. (மீசை இல்லை. இருந்தால் துடித்திருக்கும்.)

என்னை நிறுத்தியது இன்னொரு செய்தி. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும். தனம்மாள் வீடு என்றால் சங்கீதத்தில் சுப்ரீம் கோர்ட். பதமும் ஜாவளியும் அங்கே சாப்பாட்டோடு பரிமாறப்படும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களை, பாட்டி உயிரோடு இருக்கும்போதே, காஞ்சிபுரத்துக்கு நாயனா பிள்ளையிடம் அனுப்பியிருக்கிறார்கள். சமுத்திரக் கரையில் வீடு கட்டியவர்கள் ஆற்றுக்கு எதற்கு வரவேண்டும்? அங்கே இல்லாத ஒன்று இங்கே இருந்தது என்றுதானே அர்த்தம். தியாகராஜர் கிருதிகள் குவியல் குவியலாக, பிசகாத காலப்பிரமாணத்தோடு. பிருந்தா பின்னால் 1976-ல் சங்கீத கலாநிதி ஆனார். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் வரை போய்ச் சொல்லிக்கொடுத்தார். அருணா சாய்ராம் அவர் சிஷ்யை.

நாயனா பிள்ளை கிராமபோன் தட்டு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்று இன்றைக்கு நானோ நீங்களோ கேட்க வழியே கிடையாது. அவர் பாடினது எதில் பதிவாயிருக்கிறது என்றால், கூடவே இருந்த பிள்ளைகளின் தொண்டையில். அந்தப் பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் வந்து போயிருந்தால் அந்தத் தட்டும் கிடையாது.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் பெரிய மனுஷன் மாதிரி சிரித்துவிட்டு போனை நீட்டினான். "இத பாரு சித்தப்பா. நம்ம ஊர்ல மட்டும் இல்ல."

வியன்னா பக்கத்தில் பாடன் என்று ஒரு ஊராம். அங்கே 1978-ல் ஆரம்பித்த ஒரு கோடைப் பள்ளி. ஷூபர்ட் பெயரில். இளம் பாடகர்களும் பியானோ வாசிக்கிறவர்களும் வந்து சில வாரம் தங்கி, ஒரே ஒரு சமாசாரம் படிக்கிறார்கள்: கவிதைக்கு மெட்டுப் போட்ட தனிப் பாட்டு. ஒரு குரல், ஒரு பியானோ. அவ்வளவுதான். ஷூபர்ட் 31 வயசிலேயே போய்விட்டார், அதற்குள் அறுநூறு பாட்டுக்கு மேல் எழுதிவிட்டு. அவர் 1797-ல் பிறந்து 1828-ல் இறந்தவர். நம்ம திருவையாற்றில் தியாகராஜர் பாடிக்கொண்டிருந்த அதே காலம்!

அங்கேயும் முதல் வேலை கவிதையைப் படிப்பது. யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்று கேட்பது. அந்தப் பதம் பாடின பெண்ணைக் கேட்டாரே, அதே கேள்வி. பியானோக்காரர் பக்கவாத்தியமா என்றால் இல்லையாம், பாதிப் பாட்டு அவரிடம். ஷூபர்ட் 18 வயசில் எழுதிய 'எர்ல்கோனிக்' என்ற பாட்டைப் பையன் போட்டுக் காட்டினான். கெதே எழுதிய கவிதை. நோயாளிப் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஒரு அப்பா ராத்திரியில் குதிரையில் விரைகிறார். ஒரே பாடகர் அப்பாவாக, பிள்ளையாக, பிள்ளையைக் கூப்பிடுகிற பேயாக, கதை சொல்கிறவராக நாலு குரலில் பாட வேண்டும். குதிரை? அது பியானோ. வலது கை தடதடவென்று நிற்காமல் ஓடுகிறது. மணிக்கட்டு கழன்றுவிடும். நிறுத்தினால் குதிரை நின்றுவிடும். குதிரை நின்றால் அப்பா எங்கே போவார்?

எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது. முதுகில் சில்லென்றது. அண்ணனுக்கும் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "அந்த தடதடக்கறவன்தான் கஷ்டப்படறான்" என்றார். கரைப்பக்கத்தில் குந்தின ஆள் அல்லவா!

ஆனால் மசியவில்லை. "சரிடா, பெரிய விஷயம்தான். ஒரு வருஷம் கழிச்சு தொண்டை ஒத்துழைக்கலேன்னா? ஒரகடத்துக்காரன் சீட்டு போட்டு வெப்பானா?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியைக் குருகுலப் பெருமை பேசுகிறவர்கள் தொடுவதே இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்தான், துணி துவைத்தான், குருவுக்குக் கால் பிடித்தான், ஞானம் வந்தது என்பார்கள். துணி துவைத்தால் கல்யாணி வரும் என்றால் எங்கள் தெரு சலவைக்காரர் எப்போதோ சங்கீத கலாநிதி. அப்படிக் கிடந்து, குரல் வராமல், படிப்பும் இல்லாமல் போனவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. வந்தவர்கள் பெயர்தான் நமக்குத் தெரிகிறது.

இதற்கு வழி தேடினவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். கட்டைக்கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால். தானே பத்து வயசு வாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவின் கூத்துக் கம்பெனிக்குப் போனவர். அந்த அனுபவத்தை மறக்காமல், மனைவி ஹன்னே டி ப்ரூயினோடு சேர்ந்து 2002-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் ஆரம்பித்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பாட்டு, அடவு, வாத்தியம் எல்லாம் படிக்கலாம். கூடவே பள்ளிப் படிப்பும் உண்டு. ஆண்களே வேஷம் கட்டின கூத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார். 2020 வரை நடந்தது. ஒரு தரம் அண்ணனும் நானும் அந்தப் பிள்ளைகள் ஆடினதைப் பார்க்கப் போயிருந்தோம். முகவீணை கிழித்துக்கொண்டு போக, பன்னிரண்டு வயசு வாண்டு ஒன்று துரியோதனனாக வந்து சபையை நடுங்க வைத்தது. திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பசங்க பரீச்சை எழுதறாங்களாமா?" எழுதுகிறார்கள் என்றேன். "அப்ப சரி."

அதை இப்போது ஞாபகப்படுத்தினேன். அண்ணன் மோவாயைச் சொறிந்தார். "மயிலாப்பூர்காரரை நீ போய்ப் பாரு. என்ன சொல்றார்னு கேளு."

போனேன். வித்வான் வீடு என்றதும் மனசில் திண்ணை, ஊஞ்சல், துளசி மாடம் எல்லாம் கட்டி வைத்திருந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர், இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹாலில் லாப்டாப் முன்னால் அவர் ஆரபி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்குள்ளிருந்து அமெரிக்காவில் ஒரு பொடியன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். கிளாஸ் முடிந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இங்கயா? சார், எங்க அம்மாவே ஹால்லதான் படுத்துக்கறா. உங்க பையன் எங்க படுப்பான், தம்பூரா உறையிலயா? நான் சொன்னது, கூடவே இருக்கணும்னு. என் வீட்லயே இருக்கணும்னு இல்ல."

அப்புறம் நிதானமாகச் சொன்னார். காலை அஞ்சரையிலிருந்து எட்டு வரை வரட்டும். சாயங்காலம் மற்றவர்கள் பாடம் கேட்கும்போது வந்து சும்மா உட்காரட்டும். கச்சேரி இருந்தால் பின்னால் தம்பூரா போடட்டும். மிருதங்கக்காரரோடு கார், ரயில் என்று வரட்டும். "ரயில்ல அவர் பேசறதுல பாதி பாடம் இருக்கு. என்கிட்ட கத்துக்கறதைவிட ஜாஸ்தி." வேலை? "பண்ணட்டுமே. பசியோட பாடினா பிருகா கூட இருமல் மாதிரி கேக்கும். ஆனா ஒரகடத்துல ஷிஃப்ட்டுன்னா நடக்காது. மெட்ராஸ்ல பாருங்க." மூன்று வருஷம் கழித்து, தேறுவானா மாட்டானா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். காசு பற்றி நான் கேட்டதற்கு, "முதல் சம்பளம் வாங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அண்ணனுக்கு அந்த மூன்று வருஷக் கெடுதான் பிடித்தது. முன்பணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருந்தது போலிருக்கிறது. ஏழு வருஷம் தள்ளின நாடாவுக்கு, நீ நெய்ய வருவாயா வரமாட்டாயா என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஒரகடம் ஆர்டரைத் திருப்பி அனுப்பினோம். அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. காபி மட்டும் வரும், டொக் என்று. கிண்டியில் ஒரு ஆபீசில் அதைவிட நாலாயிரம் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் ரூம், மூன்று பேருக்கு ஒன்று. கூட இருக்கிற ஒருத்தன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி படிக்கிறான், இன்னொருத்தன் சினிமாவில் உதவி டைரக்டராகப் போகிறான். பையன் நாலரை மணிக்கு எழுந்து சாதகம் செய்ய ஆரம்பித்தால் தலையணை பறந்து வருகிறதாம். அதனால் மொட்டை மாடி. அங்கே தண்ணீர் டாங்க் பக்கத்தில் எதிரொலி நன்றாக இருக்கிறதென்று இப்போது டைரக்டரே மாடிக்கு வந்து கேட்கிறானாம், படத்தில் வைக்கப் போகிறானாம்.

இந்த மார்கழியில் வித்வானுக்கு மத்தியானக் கச்சேரி ஒன்று. பையன் தம்பூரா. பாட ஒரு வரிகூட இன்னும் விடவில்லை. அண்ணன் முதல் தடவையாகச் சபாவுக்கு வந்தார். வேட்டி, அவரே நெய்த ஜரிகைக் கரை அங்கவஸ்திரம். டிக்கெட் இல்லாத கச்சேரி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரமும் வித்வானைப் பார்க்கவே இல்லை. பார்வை முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருந்தவனின் விரல்மேல்.

திரும்பி வருகிற ரயிலில் செங்கல்பட்டு தாண்டுகிறவரை பேசவில்லை. பாலூர் வந்தபோது சொன்னார்.

"தனி ஆவர்த்தனத்தப்ப எல்லாரும் மிருதங்கத்தப் பாத்தாங்க. இவன் ஒரு தரம்கூட வேடிக்கை பாக்கல. விரல் நிக்கல."

அப்புறம் பையிலிருந்து அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரையை எடுத்து, பாதியை எனக்குத் தள்ளினார்.